உப்பில்லாத கொலை

போன் அலறியது.

காலை மணி ஒன்பதே கால். ஒரு விசைப்படகின் அடிவயிற்றுக்குக் கீழே சாக்கை விரித்து மல்லாந்து படுத்திருந்தாள் அவள். கையில் சின்னச் சுத்தியல். டண்... டண்... டண்... தட்டிக்கொண்டே வந்தவள், போனை எடுக்க மனசில்லாமல் எடுத்தாள்.

அவள் படகு சர்வேயர். படகு வாங்குகிறவர்களும் இன்ஷூரன்ஸ்காரர்களும் கூப்பிட்டால் போவாள். தட்டுவாள். சத்தத்தைக் கேட்பாள். உள்ளே இருக்கும் மரம் உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. துறைமுகத்தில் நேரில் பார்த்தால் 'மேடம்' என்பார்கள். தலை மறைந்ததும் 'டக்டக்' என்பார்கள். இரண்டுமே அவளுக்குத் தெரியும்.

போனில் ஓர் இன்ஸ்பெக்டர்.

"'பெரியவன்'னு ஒரு ஸ்பீட் போட். எட்டு மாசம் முன்னாடி நீங்க சர்டிஃபிகேட் குடுத்திருக்கீங்க. ஞாபகம் இருக்கா மேடம்?"

இருந்தது. அண்ணன் தம்பி இரண்டு பேர் சேர்ந்து வாடகைக்கு ஓட்டுகிற படகுகள். ஒரே அச்சில் வார்த்த இரட்டைப் படகுகள். அண்ணன் ஓட்டுவது 'பெரியவன்'. தம்பி ஓட்டுவது 'சின்னவன்'. அன்று இரண்டையுமே தட்டிப் பார்த்துத்தான் எழுதிக் கொடுத்திருந்தாள்.

"இருக்கு சார். என்ன ஆச்சு?"

"நேத்து காலையில முழு வேகத்துல போகும்போது எஞ்சின் பிய்ச்சுக்கிட்டு கடல்ல விழுந்துடுச்சு. பின்பலகையில பாதியும் அது கூடவே போயிடுச்சு. ஓட்டிட்டுப் போன அண்ணன்காரர் செத்துட்டாரு."

அவள் எழுந்து உட்கார்ந்ததில் தலை படகில் இடித்தது. வலிக்கவில்லை. அதாவது, வலித்ததை அவள் கவனிக்கவில்லை.

"மிச்சம் இருக்கிற பலகையைத் தொட்டுப் பார்த்தேன் மேடம். மரம் கையோட வருது. நீங்க 'நல்ல நிலையில் உள்ளது'ன்னு எழுதியிருக்கீங்க. கொஞ்சம் வந்துட்டுப் போனீங்கன்னா நல்லது."

வந்துட்டுப் போனீங்கன்னா...

'வந்துட்டு' என்பதை உறுதியாகச் சொன்னார். 'போனீங்கன்னா' என்பதில்தான் அவருக்கே அவ்வளவு நம்பிக்கை இருப்பதாகத் தெரியவில்லை.

---

தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. ஒரு பக்கம் வீடு. மறுபக்கம் கடலுக்குள் இறங்கும் சரிவு.

உள்ளே புது பெயின்ட் வாசனை மூக்கைத் துளைத்தது. இரண்டு படகுகள். ஒன்று முழுசாக நின்றது. வெள்ளை உடம்பு, நீலக் கோடு, கண்ணாடி மாதிரி பளபளப்பு.

இன்னொன்றுக்கும் அதே வெள்ளை. அதே நீலம். பின்பக்கம் மட்டும் இல்லை!

இந்த மாதிரிப் படகில் எஞ்சின் உள்ளே உட்கார்ந்திருக்காது. வெளியே, பின்பக்கச் சுவரில் தொங்கும். இருநூறு கிலோவுக்கு மேல் கனம். அந்தச் சுவர்தான் பின்பலகை. இரண்டு பக்கமும் ஃபைபர், நடுவே கனமான ப்ளைவுட். ஃபைபர் வெளியே சிரித்துக்கொண்டே இருக்கும். உள்ளே ப்ளைவுட் அழுகிச் செத்துக்கிடக்கும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தட்டித்தான் கேட்க வேண்டும்.

அவள் தட்டியிருந்தாள். கேட்டிருந்தாள்.

'தப்பாகக் கேட்டுவிட்டேனா?'

காரில் வந்த முக்கால் மணி நேரமும் இந்த ஒரே கேள்விதான் அவள் நெஞ்சில் உட்கார்ந்து அழுத்தியது. லைசென்ஸ் போகும். கவனக்குறைவால் மரணம் என்று வழக்கு வரும். ஜெயில்கூட வரலாம். அதெல்லாம் அப்புறம். இருபத்திரண்டு வருஷமாக அவள் நம்பி வாழ்ந்தது தன் காதுகளை மட்டும்தான். அந்தக் காது ஒரு மனிதனைக் கொன்றுவிட்டது என்றால், இனி எந்தப் படகைத் தட்டுவாள்?

இன்ஸ்பெக்டர் வாயில் ஒரு புதினா மிட்டாயோடு நின்றார். சிரிக்காமல் கிண்டல் பண்ணுகிற ஜாதி. பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள்.

கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டின் மேல் ஒரு பெண் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். செத்தவரின் மனைவி. அழுததாகவும் தெரியவில்லை, அழாததாகவும் தெரியவில்லை. கீழே, உடைந்த படகை ஏற்றியிருந்த ட்ரெய்லரின் சக்கரத்தில் சாய்ந்து, முப்பது வயதுத் தம்பி குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தான்.

நடந்ததை இன்ஸ்பெக்டர் சுருக்கமாகச் சொன்னார். அண்ணன் போன வாரம் முழுக்க வெளியூர். அந்த நாட்களில் தம்பி இரண்டு படகுக்கும் புது பெயின்ட் அடித்தான். முந்தாநாள் மதியம் வேலை முடிந்தது. ப்ரொப்பெல்லர் வாங்கத் தம்பி வெளியூர் பஸ் ஏறினான். அன்று சாயங்காலம் அண்ணன் ஊர் திரும்பினார். நேற்று காலை, பெயின்ட் அடித்த பிறகு முதல் ஓட்டம் என்று 'பெரியவன்' படகைத் தனியாக இறக்கி, முழு வேகத்தில் விட்டார்.

கரையிலிருந்து பார்த்தவர்கள் ஒரு பெரிய சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். அப்புறம் எஞ்சின் சத்தமே இல்லையாம். கவிழ்ந்து மிதந்த படகை மீன்பிடிக்காரர்கள் இழுத்து வந்தார்கள். அண்ணன் கிடைக்க மத்தியானம் ஆயிற்று. எஞ்சின் இன்னும் கடலுக்கு அடியில்.

"இப்ப நீங்க சொல்லுங்க மேடம்" என்றார் இன்ஸ்பெக்டர். "எட்டு மாசத்துல மரம் இப்படி அழுகுமா?"

அவள் உடைந்த இடத்துக்குப் போனாள். நடுப்பகுதியும் வலது மூலையும் எஞ்சினோடு போயிருந்தன. இடது மூலை மட்டும் மிச்சம். ப்ளைவுட் கறுத்து, நார் நாராக, ஈரமாக... விரலை வைத்தாள். விரல் உள்ளே போய்விட்டது.



"சாதாரணமா அழுகாது சார். வருஷக்கணக்கு ஆகும்."

"அப்ப எட்டு மாசம் முன்னாடியே அழுகியிருந்திருக்கு. நீங்க தட்டுனது சரியாக் கேட்கலை. அப்படித்தானே?"

 அவள் பைக்குள் கையை விட்டுச் சின்ன டிரில்லரை எடுத்தாள். ஃபைபர் உடையாமல் இருந்த இடது மூலையில், அடியில், கடல் தண்ணீர் இன்னும் எட்டியிருக்காத ஆழத்துக்கு ஒரு துளை போட்டாள். டிரில்லரின் முனையில் மரத்தூள் சுருள் சுருளாக வந்தது. கறுப்பு. சொதசொதவென்று ஈரம்.

ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள்.

இன்ஸ்பெக்டரின் வாயில் மிட்டாய் நின்றுவிட்டது. "காலையில டிபன் சாப்பிடலையா மேடம்?"

அவள் காதில் விழவில்லை. உடைந்த விளிம்பிலிருந்து இன்னொரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது. துப்பினாள். மறுபடி துளையிலிருந்து ஒரு சிட்டிகை.

உப்பே இல்லை!



"சார்... இந்த விளிம்பு நேத்து கடல்ல ஊறுனது. உப்பு கரிக்குது. ஆனா உள்ள இருக்கிற ஈரம் கடல் தண்ணி இல்லை. நல்ல தண்ணி."

"அதனால?"

அதனால் என்ன என்று அவள் சொல்ல ஆரம்பித்தாள். மரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவளை நிறுத்துவது கஷ்டம். கடல் தண்ணீர் மரத்தை அவ்வளவு சீக்கிரம் அழுக விடாது, மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு உப்பு ஆகாது என்றாள். குழாய்த் தண்ணீர், மழைத் தண்ணீர், இதுதான் மரத்துக்கு எமன் என்றாள். கடலிலேயே ஓடுகிற படகு, மழை படாத கொட்டகையில் நிற்கிற படகு, அதன் வயிற்றுக்குள் நல்ல தண்ணீர் எப்படி வந்தது என்று அவள் கேட்டபோது, இன்ஸ்பெக்டர் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார்.

கூரையில் ஓர் ஓட்டைகூட இல்லை.

பின்பலகையின் மேல் விளிம்பை மூடியிருந்த அலுமினியப் பட்டையை அவள் கழற்றினாள். உடைந்தது போக ஒரு முழ நீளம் மிச்சம் இருந்தது. அதன் அடியில்...

துளைகள்.

பென்சில் கனத்தில் இரண்டு துளைகள், நேராக ப்ளைவுட்டின் நடுவுக்குள் இறங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு ரப்பர் தக்கை அழகாகப் பொருந்தியிருந்தது.

"இது எட்டு மாசம் முன்னாடி இல்லை சார். இந்தப் பட்டையைக் கழற்றி நான் படம் எடுத்திருக்கேன். ரிப்போர்ட்ல இருக்கு."

"இதுக்குள்ள தண்ணி ஊத்தியிருக்காங்கன்னு சொல்றீங்களா?"

"தினமும். நாலு மாசமாவது. இந்தப் புழுக்கத்துல, எப்பவும் ஈரமாவே வெச்சிருந்தா, மரம் இப்படித்தான் ஆகும்."

 கொட்டகை மூலையில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒரு நீளமான ஹோஸ் மாட்டியிருந்தது. கடலுக்குப் போய்வந்த எஞ்சினைத் தினமும் சாயங்காலம் நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும், இல்லையென்றால் உப்பு அதை அரித்துவிடும். அண்ணன் தம்பியில் யாருக்குக் கை ஒழிகிறதோ அவர் அலசுவார். தினமும் தண்ணீர் ஓடுகிற இடத்தில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஓடினால் யார் கவனிக்கப் போகிறார்கள்?

கத்தி இல்லை. விஷம் இல்லை. குழாய்த் தண்ணீரும் பொறுமையும்... அவ்வளவுதான்!

இன்ஸ்பெக்டர் மிட்டாயைக் கடித்து நொறுக்கினார். தம்பியைப் பார்த்தார்.

அக்கம்பக்கத்தில் அவர் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தார். கொட்டகையையும் சரிவையும் ஒரு ஹோட்டலுக்கு விற்க அண்ணனுக்கு ஆசை. தம்பி கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஆறு மாசமாக முரண்டு பிடித்தான். வீட்டில் தினமும் சத்தம். அண்ணன் இல்லை என்றால் எல்லாம் தம்பி கையில். படகு உடைகிற நாளில் தம்பி வெளியூரில்.

"எழுந்திரு" என்றார்.

தம்பிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அழுகை நின்றுவிட்டது. "சார்... என் அண்ணனை நான்... எனக்கு அப்பா மாதிரி சார் அவரு." 

பெயின்ட் டின் உருண்டது. மனைவி எழுந்து நின்றிருந்தாள்.

"அவன் இல்லை" என்றாள். அங்கே அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"வேற யாரும்மா?"

அவள் வாயைத் திறந்தாள். சர்வேயரை ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டாள். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி நடந்து போய்விட்டாள்.

கான்ஸ்டபிள் தம்பியை ஜீப்பில் ஏற்றினார். போகிற போக்கில் இன்ஸ்பெக்டர் சர்வேயரிடம் திரும்பி, "உங்க சர்டிஃபிகேட் தப்பிச்சுது மேடம். நிம்மதியாப் போய் டிபன் சாப்பிடுங்க" என்றார்.

---

நிம்மதியாகத்தான் இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

ஒருவன் செத்து, இன்னொருவன் விலங்கோடு போகிறான். நமக்கு மூச்சு சீராக வருகிறதே என்று தன்னையே திட்டிக்கொண்டு பையைக் கட்டினாள் அவள். கொட்டகை வெறிச்சென்று கிடந்தது. குழாய் சொட்டும் சத்தம் மட்டும்.

போகாமல் நின்றாள்.

முழுசாக நிற்கிறதே, 'சின்னவன்'... அதற்கும் யாராவது தண்ணீர் ஊற்றியிருந்தால்? நாளைக்கு யாரோ அதில் ஏறுவார்களே?

சுத்தியலை எடுத்தாள். பின்பலகையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை விரற்கடை விரற்கடையாகத் தட்டினாள். டண்... டண்... டண்... கோவில் மணி தோற்றுப்போகும். அலுமினியப் பட்டையைக் கழற்றிப் பார்த்தாள். துளை இல்லை.

'அப்பாடா' என்று திரும்பும்போதுதான் அது கண்ணில் பட்டது.

படகின் பக்கவாட்டில் பெயர்ப்பலகை. 'சின்னவன்' என்ற பெயரும் பதிவு எண்ணும். நாலு ஸ்க்ரூ. நாலின் தலையும் கடித்துத் துப்பியது மாதிரி சிதைந்திருந்தது. அதைவிட மோசம், ஒன்றைச் சுற்றியும் சீலன்ட் இல்லை.

படகு வேலை தெரிந்த எவனும் சீலன்ட் பசை வைக்காமல் ஸ்க்ரூ முடுக்க மாட்டான். தூக்கத்தில் முடுக்கச் சொன்னாலும் கை தானாகப் பசை டியூபைத் தேடும். ஒரு ஸ்க்ரூ ஓட்டை வழியாகத் தண்ணீர் போனால் படகே போய்விடும் என்று அவர்களுக்குத் தெரியும். தம்பி முடுக்கிய மற்ற ஸ்க்ரூக்களைப் பார்த்தாள். கைப்பிடி, விளக்கு, ஏணி... ஒவ்வொன்றையும் சுற்றி வெள்ளைப் பசை, நகம் வைத்த மாதிரி சுத்தமான வளையம்.

இதைத் தம்பி முடுக்கவில்லை.

உடைந்த படகுக்கு ஓடினாள். 'பெரியவன்' பலகையிலும் அதே சிதைந்த ஸ்க்ரூ! அதே பசையில்லாத ஓட்டை!

பெயின்ட் அடிக்கும்போது இரண்டு பெயர்ப்பலகைகளையும் கழற்றித் தரையில் வைத்திருப்பார்கள். திரும்ப மாட்டியது படகு வேலை தெரியாத ஒரு கை. இரட்டைப் படகு. புது பெயின்ட். பழைய கீறல் ஒன்றுகூட வெளியே தெரியாது. பலகையைத் தவிர வேறு எதை வைத்து எது யார் என்று சொல்வது?

ஒரே ஒரு வழி இருக்கிறது. படகை வார்க்கும்போதே பின்பலகையின் வலது மூலையில் ஒரு எண்ணைப் பதித்துவிடுவார்கள். உடைந்த படகில் அந்த மூலை கடலுக்குள். முழுப் படகில்...

பெயின்ட்டுக்கு அடியில் மேடு தட்டுப்பட்டது. பிளேடால் மெதுவாகச் சுரண்டினாள். எழுத்து எழுத்தாக எண் வெளியே வந்தது. பைக்குள்ளிருந்து எட்டு மாசத்து ரிப்போர்ட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

முழுசாக நிற்பதுதான் 'பெரியவன்'.

அப்படியானால் உடைந்து கிடப்பது?

 தண்ணீர் ஊற்றப்பட்டது தம்பியின் படகில்! நாலு மாசமாக ஒருத்தன் கொல்லப் பார்த்தது தம்பியை! அழுகல் பக்குவத்துக்கு வந்ததும், விபத்து நடக்கும்போது தான் ஊரில் இருக்கக் கூடாது என்று ஒரு வாரம் வெளியூர் போனவர்...

செத்துப்போன அண்ணன்!

தினமும் சாயங்காலம் துளையைத் திறந்து தண்ணீர் ஊற்றிய மனிதர், கடைசியில் பலகையில் எழுதியிருந்த பெயரைப் பார்த்து ஏறினாரே ஒழிய, மரத்தை ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கவில்லை.

அவள் இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டாள். குரலைத் தாழ்த்தி நாலே வாக்கியம் சொன்னாள். வண்டியைத் திருப்புவதாகவும், பத்து நிமிஷத்தில் வருவதாகவும், எதையும் தொடாமல் இருக்கும்படியும் அவர் சொன்னார்.

போனை வைத்தாள்.

கிரீச்...

பின்னால் ஷட்டர் இறங்கும் சத்தம். பாதி இறங்கியதும் நின்றது. உள்ளே வெளிச்சம் பாதியானது.

மனைவி நின்றிருந்தாள். கையில் சமையல் கத்தி.

---

சர்வேயர் சுத்தியலை இறுகப் பிடித்தாள். பிளாஸ்டிக் தலை வைத்த சுத்தியல். படகுக்கே வலிக்காது. மனுஷிக்கு என்ன வலிக்கப்போகிறது!

மனைவி நிதானமாக நடந்து வந்தாள். சுரண்டிய இடத்தைப் பார்த்தாள். ரிப்போர்ட்டைப் பார்த்தாள். பிறகு கத்தியைப் படகின் விளிம்பில் வைத்தாள். அதன் முனை வளைந்து மழுங்கிப் போயிருந்தது.

"ஸ்க்ரூ முடுக்க இதுதான் கிடைச்சுது" என்றாள்.

சர்வேயருக்கு மூச்சு வந்தது.  ஷட்டரை ஏன் இறக்கினாய் என்று கேட்டாள். அக்கம்பக்கத்துக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள், அவர்கள் முன்னால் சொல்ல வாய் வராது என்றாள் மனைவி.

சொன்னாள். அவசரமில்லாமல், அடுத்த வீட்டுக் கதையைச் சொல்வது போல...

இந்த வீட்டுக்கு அவள் வாழ வந்தபோது தம்பிக்கு ஏழு வயசு. தாய் இல்லாத பிள்ளை. அவனுக்குச் சோறு ஊட்டியது, தலை சீவியது, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போனது எல்லாம் அவள்தான். அவளுக்கென்று வேறு பிள்ளை பிறக்கவும் இல்லை. நாலு மாசம் முன்னால் ஒருநாள் சாயங்காலம், புருஷன் 'சின்னவன்' படகின் பின்பக்கம் குனிந்து புனல் வைத்துத் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்தாள். என்ன என்று கேட்டாள். எஞ்சின் கழுவுகிறேன் என்றார். எஞ்சின் கீழே இருந்தது. புனல் மேலே இருந்தது.

மறுநாளும் பார்த்தாள். அதற்கு மறுநாளும் பார்த்தாள். ஊற்றி முடித்துவிட்டு ஒரு தட்டுத் தட்டிக் காதை வைத்துக் கேட்பாராம். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிடுவாராம்.

"உன் கொழுந்தன்கிட்ட சொல்லலையா?"

"சொன்னேன். சிரிச்சான். அண்ணன் எதையோ கழுவுறாரு, நீங்க எதையாவது நினைச்சுக்காதீங்க அண்ணின்னான். அவன் அப்படித்தான். அவரு மேல அவனுக்கு அவ்வளவு பாசம்."

"போலீஸ்ல சொல்லியிருக்கலாமே?"

"என்ன சொல்றது மேடம்? என் வீட்டுக்காரர் தண்ணி ஊத்துறாருன்னா? எந்தச் செடிக்குன்னு கேட்பாங்க."

போன வாரம் புருஷன் வெளியூர் கிளம்பினார். ஒருநாளும் இல்லாத திருநாளாக, கிளம்பும்போது தம்பியின் தோளைத் தட்டிக் கொடுத்தார். அதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு எல்லாம் முடிவாயிற்று. படகைக் கடலில் இறக்க விடாமல், பெயின்ட் அடி என்று அவள்தான் தம்பியைப் பிடித்து உட்கார வைத்தாள். வேலை முடிந்ததும், நீ போய் ப்ரொப்பெல்லர் வாங்கி வா, பெயர்ப்பலகையை நான் மாட்டிவிடுகிறேன் என்று அனுப்பி வைத்தாள்.

"தெரிஞ்சேதான் மாத்தி மாட்டுனியா?"

 மனைவியின் கண்ணில் அப்போதுதான் முதல்முறையாகத் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"அவரு நிஜமாவே எஞ்சினைத்தான் கழுவுனாருன்னா அவருக்கு ஒண்ணும் ஆகாது. அப்படித்தான் நினைச்சேன் மேடம். நேத்து காலையில அவரு கிளம்பும்போது வாசல்ல நின்னு கேட்டேன்... ஏங்க, படகெல்லாம் பத்திரம்தானேன்னு. என் படகுக்கு என்ன, நல்லாத்தான் இருக்குன்னாரு. அந்த 'என்'னை மட்டும் அழுத்திச் சொன்னாரு. அப்புறம் நான் எதுவும் சொல்லலை."

சர்வேயர் படகில் சாய்ந்து நின்றாள். பாவம் என்று சொல்வதா, பாவி என்று சொல்வதா? அவளுக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. தன் காது தப்புச் செய்யவில்லை. எட்டு மாசம் முன்னால் இரண்டு படகும் நல்ல படகுதான். இந்தச் சாவுக்கும் தனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஒரே ஒரு சின்ன விஷயம்தான் இடித்தது. ரிப்போர்ட்டை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஆமா... உனக்குப் படகு வேலை தெரியாதே. தண்ணி ஊத்துனா பலகை அழுகும், முழு வேகத்துல எஞ்சின் பிய்ச்சுக்கும், ஆள் செத்துடுவாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

மனைவி ஆச்சரியத்தோடு அவளைப் பார்த்தாள்.

"நீங்கதானே மேடம் சொன்னீங்க."

"நானா?"

"மூணு மாசம் முன்னாடி. உங்க சர்டிஃபிகேட்டுக்குக் கீழ இருந்த நம்பருக்குப் போன் பண்ணேன். யாரு, என்னன்னுகூட நீங்க கேட்கலை. இருபது நிமிஷம் சொன்னீங்க. உப்புத் தண்ணிக்கும் நல்ல தண்ணிக்கும் என்ன வித்தியாசம், எத்தனை மாசத்துல மரம் சாகும், எந்த வேகத்துல எஞ்சின் கழண்டுக்கும்... எல்லாம் சொன்னீங்க. எனக்கு யாரும் எதையும் அவ்வளவு பொறுமையாச் சொல்லிக் குடுத்ததில்லை. நான் எழுதி வெச்சிருக்கேன்."

 வாரத்துக்கு இருபது பேர் சர்வேயருக்குப் போன் பண்ணுவார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லுவாள். சொல்லுவதில் அவளுக்கு ஒரு சந்தோஷம்.

"ஆனா... உன் வீட்டுக்காரர்... அவரு ஊத்த ஆரம்பிச்சது அதுக்கும் முன்னாடி. அவருக்கு யாரு..."

கேள்வியை முடிக்க அவளுக்கே பயமாக இருந்தது.

"எட்டு மாசம் முன்னாடி, இதே இடத்துல நின்னு அவருக்குச் சொன்னீங்களே. மரத்தைக் கொல்லணும்னா கடல் தண்ணி வேண்டாம், குழாய்த் தண்ணி போதும்னு சொல்லிச் சிரிச்சீங்க. அவரும் சிரிச்சாரு. உங்க ரெண்டு பேருக்கும் டீ கொண்டு வந்து வெச்சது நான்தான்."

ஷட்டர் மேலே ஏறியது.

இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார். எப்போது வந்தார், எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. கையில் நோட்டு இருந்தது. எழுதி முடித்த பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். மனைவி தானாகவே அவர் பக்கம் நடந்தாள். அவனை விட்டுவிடுவீர்களா என்று மட்டும் கேட்டாள். விட்டாயிற்று, ஜீப்பில் விலங்கில்லாமல்தான் உட்கார்ந்திருக்கிறான் என்றார் அவர். அவள் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனாள்.

சர்வேயர் ரிப்போர்ட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். "சார்... நான் எழுதினது எல்லாம் சரியாத்தான் இருக்கு, இல்லையா? நான் தட்டிக் கேட்டதுல தப்பு ஒண்ணும் இல்லையே?"

இன்ஸ்பெக்டர் புதிதாக ஒரு மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார். முதல்முறையாகச் சிரித்தார்.

"உங்க காதுக்கு நானே சர்டிஃபிகேட் தர்றேன் மேடம்... வாய்க்கு யார்கிட்ட வாங்கப் போறீங்க?"